எல்லம்மாளின் விரலும் என் பங்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

இன்று காலை என் முழங்காலைப் பார்க்க மீஞ்சூர் நலவாழ்வு நிலையத்திலிருந்து மூவர் வீட்டுக்கே வந்தனர். இளம் மருத்துவர் மாத்திரை எழுதுமுன் செவிலியர் பக்கம் திரும்பினார். உடற்பயிற்சி சொல்லித்தரும் பிள்ளையின் பக்கமும் திரும்பினார். இருவரும் தம் கருத்தைக் கூசாமல் சொன்னார்கள். வலி முழங்காலில், எரிந்ததோ வேறிடத்தில். பேரப்பிள்ளை வயதினர்மேல் பொறாமைப்படுவது அழகன்று என அறிவேன். அறிந்தும் பட்டேன்.

செவிலியர் பெண் பிரித்த பஞ்சின் ஸ்பிரிட் வாசனை என்னைப் பழவேற்காட்டில் கொண்டுபோய் விட்டது. அந்நாளில் அங்கே ஒரு குடும்ப மருத்துவரிடம் நான் கம்பவுண்டர். டிஞ்சரும் இறாலும் கலந்து மணக்கும் அறை அது. என் சட்டையை மனைவி தனியாகத்தான் துவைப்பாள். டாக்டர் யோசனை கேட்பதெல்லாம் நர்ஸ் கமலத்திடம். என்னிடம் கேட்டது, "கட்டியாச்சா?" என்பது மட்டும்.

ஏரியில் கையால் துழாவி இறால் பிடிப்பவள் எல்லம்மாள். அவளுடைய வலக்கை விரலில் கெளுத்தி முள் ஏறிச் சீழ் வைத்தது. நாள்தோறும் கட்டியும் ஆறவில்லை. விரலை எடுக்க நேரிடும் என்றார் டாக்டர். ஒருநாள் கரையில் பார்த்தேன். நான் போட்ட துணிக்கட்டை முடிச்சுக் கலையாமல் உருவிக் கொண்டையில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஏறியதும் மாட்டிக்கொள்வாள் போலும். கட்டு எப்போதும் உலர்ந்தே இருந்ததன் காரணம் அதுவே. கேட்டேன்.

"துணியோட துழாவுனா சேத்துல இறா கீறது தெர்ல சார். வெரலுக்குத்தான் கண்ணு."

டாக்டரிடம் நேரே பேசும் வழக்கம் எனக்கில்லை. கமலத்திடம் சொன்னேன், அவள் அவரிடம் சொன்னாள். "அண்ணன்தான் பாத்தாரு" என்று அவள் முடிக்குமுன் டாக்டர் எல்லம்மாளைத் தேடி வெளியே போய்விட்டார். பிறகு கமலம் எல்லம்மாளின் நாத்தனாரை அழைத்துப் பேசினாள். நாத்தனார் பிடிப்பது, எல்லம்மாள் இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்தபடி, கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, கூடவே நடப்பது என்று ஏற்பாடாயிற்று. விரல் பிழைத்தது.

அதன்பின் கமலத்துக்கு நண்டு வரும். "நீ துணி கட்ன சார், வெரலக் குட்த்தது அக்காதான்" என்றாள் எல்லம்மாள் என்னிடம். அந்த நண்டில் பாதியைக் கமலம் என் வீட்டுக்கு அனுப்புவாள். மறுநாள், "இன்னாண்ணே, வயித்தெரிச்சல் கொறஞ்சுதா?" என்பாள். நண்டு ருசியாகவே இருந்தது. பொறாமை குறையவில்லை.

ஒரு குடும்பத்தின் உடம்பைத் தனியொரு மருத்துவர் முழுதும் பார்த்துவிட இயலாது. ஊசி போடுபவர் ஒன்றைப் பார்ப்பார், கட்டுப் போடுபவர் இன்னொன்றைப் பார்ப்பார். மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். இதுவே என் கருத்து. யாரும் கேட்கவில்லை.

மருத்துவமனை இருந்த இடத்தில் இன்று கைப்பேசிக் கடை. டாக்டர் இல்லை, எல்லம்மாள் இல்லை. சென்ற மாதம் கமலமும் போய்விட்டாள். எல்லம்மாள் கட்டை உருவியதை முதலில் கண்டவன் நான் என்று சொல்லக்கூடிய ஒரே வாய் அவளுடையது. ஆகையால் இந்த விவரத்தை, என்னை முன்பின் அறியாத தாங்களாவது நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.