கட்டற்றவர் தலையாட்டியது

கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதருக்குக் ‘கட்டற்றவர்’ என்று பெயர் வைத்தது அவர் மனைவிதான். யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய ‘கட்டற்ற’ மென்பொருள் மட்டும்தான் அவருக்கு ஆகும்; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்க முடியாத மென்பொருளை அவர் விரலாலும் தொடமாட்டார். தன் கல்யாண வீடியோவையே இன்னும் பார்த்ததில்லை; அதை ஓட்டுகிற மென்பொருள் அவர் கொள்கைக்கு ஒத்துவரவில்லை.

ஐம்பதைத் தாண்டியதும் காது மந்தமானது. மருத்துவர் ஒரு காதுக்கருவி கொடுத்தார். அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஃபோனில் ஒரு செயலி வேண்டும். அதுவோ பூட்டிய சரக்கு. கட்டற்றவர் கருவியைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டு, மாற்றுச் செயலியைத் தானே எழுதப்போவதாக அறிவித்தார்.

“நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள என் தொண்டை போயிடும்,” என்றாள் மனைவி.

“தொண்டை வலியா? வெந்நீர் குடி.”

“அக்கா திட்டுறது கேக்கக்கூடாதுன்னுதான் மாமா கொள்கை பேசுறார்,” என்று மச்சினன் முணுமுணுத்தான். அது மட்டும் எப்படியோ தெளிவாகக் காதில் விழுந்தது.

அந்த வாரம் கட்டற்ற மென்பொருள் சங்கத்தின் கூட்டம். சங்கத்தின் சொந்த அரட்டைத் தளத்துக்கு ஈ காக்கை வருவதில்லை. ஊரே வைத்திருக்கும் பூட்டிய செயலிக்கு மாறிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. பாதிப்பேர் சரி என்றார்கள், பாதிப்பேர் கூடாது என்றார்கள். தலைவியான வக்கீலம்மா கட்டற்றவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க என்ன சொல்றீங்க சார்?”

மின்விசிறி கடகடத்தது. வாசலில் டீக்காரர் நின்றிருந்தார். கட்டற்றவர் தாராளமாகத் தலையாட்டினார். “எல்லாருக்கும் சேத்தே சொல்லிடுங்க.”

இவரா இப்படி என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டல். எதற்கென்று தெரியாமல் அவரும் தட்டினார். படியிறங்கும்போது பொருளாளர் கையைப் பிடித்துக் குலுக்கி, “நீங்களே இறங்கி வந்துட்டீங்க, அப்புறம் எங்களுக்கென்ன,” என்று உரக்கச் சொன்னபோதுதான் வக்கீலம்மா கேட்டது டீயைப் பற்றி அல்ல என்று புரிந்தது.

திரும்பிப் போய்க் காது கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைவிடக் கொள்கை மாறியவன் என்ற பெயரே மேல் என்று தோன்றிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கருவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். “செயலிய உன் ஃபோன்ல போடு. என் ஃபோன் சுத்தமா இருக்கட்டும்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு செயலியைப் போட்டு, கருவியை அவர் காதில் மாட்டிவிட்டாள். பிறகு துணி தேய்க்கப் போனாள். மெல்லிய பாட்டு ஒன்று கேட்டது. கட்டற்றவர் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றார்.

“எப்போலேருந்து பாடுற?”

“எப்பவும்தான்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இன்னும் கொஞ்சம் கூட்டு,” என்றார்.