மூன்றாவது தடவை கேட்காத மிஸஸ் பார்க்கர்

போன ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில் ஒரு பெரிய குற்றம் செய்துவிட்டேன்.

நண்பர் ராகவன் வீட்டுக்கு மனைவியோடு போயிருந்தேன். உட்கார்ந்ததும் ராகவனின் மனைவி, "காபி சாப்பிடறேளா?" என்றார்.

"ஓ, பேஷா!" என்றேன்.

அந்த அம்மாள் திகைத்து நின்றார். ராகவன் சட்டென்று எழுந்து உள்ளே போனார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

இதில் என்ன குற்றம் என்கிறீர்களா? நம் வழக்கம் தெரியாதவரா நீங்கள்! முதல் தடவை கேட்டால், "இப்பத்தான் ஆத்துல சாப்பிட்டுட்டு வந்தோம்." இரண்டாம் தடவை, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" மூன்றாம் தடவைதான், "சரி, அரை டம்ளர் போதும்." முழு டம்ளர் வரும். வாங்கிக் குடிக்க வேண்டியதுதான்.

நானும் அப்படி ஒழுங்காக இருந்தவன்தான். லண்டன் கெடுத்துவிட்டது.

யுத்தம் முடிந்த கையோடு, புது அச்சு யந்திரம் பழகி வரச் சொல்லி ஆபீஸில் என்னைக் கப்பலேற்றினார்கள். மூன்று மாதம் பார்க்கர் தம்பதியின் வீட்டில் வாசம். கையை வீசிக்கொண்டு போகலாமா? என் மனைவி காபிப்பொடியை ஒரு பெரிய டின்னில் அடைத்து, கூடவே பித்தளை ஃபில்டரும் கொடுத்து அனுப்பினாள். என் கணக்கு எளிமையானது - டின் அவர்களுக்கு, காபி எனக்கு!

டின்னைப் பார்த்ததும் மிஸஸ் பார்க்கருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இப்போதே உங்களுக்குக் கொஞ்சம் போட்டுத் தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்" என்றேன்.

"நிஜமாகவே வேண்டாமா?"

"நிஜமாகவே வேண்டாம்."

மூன்றாவது கேள்விக்காகப் புன்னகையோடு காத்திருந்தேன். அவர் டின்னை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, கதவைச் சாத்திவிட்டார்.

அப்புறம் கேட்கவே இல்லை!

லண்டனில் அப்போது எதற்கெடுத்தாலும் ரேஷன். தேயிலையே அளந்துதான் கிடைக்கும். தினமும் காலையில் ஒரு கோப்பை டீ வரும்... அதைக் குடித்துக்கொண்டே அலமாரியைப் பார்ப்பேன்.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "எங்கள் ஊரில் காலையில் காபிதான்."

"அப்படியா? கேட்கவே சுவாரஸ்யமாக இருக்கிறது!"

தலையை வலிக்கிறது என்றேன். மாத்திரை கொடுத்தார்.

வாயைத் திறந்து கேட்டுத் தொலைப்பதுதானே என்பீர்கள். கொடுத்த பொருளில் பங்கு கேட்டுவிட்டு, ஊர் திரும்பி மயிலாப்பூரில் மனுஷன் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

கிளம்பும் நாளன்று மிஸஸ் பார்க்கர் சிவப்பு ரிப்பன் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தார். தேயிலை!

"காபியை நீங்கள் தொடக்கூட இல்லை. டீயை மட்டும் ஒரு சொட்டு விடாமல் குடித்தீர்கள். அதனால் நாங்கள் இரண்டு பேரும் சாயங்கால டீயை நிறுத்தி, உங்களுக்காகச் சேர்த்து வைத்தோம்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காபி போன துக்கமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன்!

கப்பலிலேயே சபதம் செய்தேன். இனி யார் கேட்டாலும் முதல் தடவையே 'சரி'.

மாம்பலத்தில் அந்தச் சபதத்தைத்தான் காப்பாற்றினேன். காபி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. காபி என்னவோ பிரமாதம்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி வெடித்தாள்.

"அவாத்துல பால் திரிஞ்சு போயிருந்துதாம். நீங்க வேண்டாம்னு சொல்வேள்னு நம்பித்தான் அந்த மாமி கேட்டிருக்கா. அந்த மனுஷர் கொல்லைப்பக்கமாப் போய் நாலு ஆத்துல பால் கேட்டு வாங்கிண்டு வந்திருக்கார்!"

லண்டனில் கேட்டால் நிஜமாகக் கேட்கிறார்கள். சொன்ன பதிலையும் நிஜம் என்று நம்பிவிடுகிறார்கள். நமக்கோ கேட்பதும் மரியாதைக்கு, மறுப்பதும் மரியாதைக்கு. இரண்டு ஊரிலும் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ராகவன் தம்பதி எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். காபி என்றதும் அவரும் முதல் தடவையே "பேஷா!" என்று சொல்லிப் பழிதீர்க்கப் போவதாகக் கேள்வி.

வரட்டும்... மிஸஸ் பார்க்கரின் தேயிலைப் பொட்டலத்தை நான் இன்னும் பிரிக்கவில்லை!