பெயர் கிடைக்காத எறும்பு

ஐம்பதுகளின் கடைசியில் நான் ராசிபுரம் தபாலாபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். உயர்நிலைப்பள்ளி விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் அடிக்கடி அங்கே வருவார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். வரிசையில் நிற்கும்போதுகூடச் சுவரில் ஊரும் எறும்பை அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கொல்லிமலைச் சோலையில், மக்கிய இலைகளுக்கு அடியில், எள்ளைவிடச் சின்னதான ஒரு மஞ்சள் எறும்பை அவர் கண்டிருந்தார். தாடைப் பற்களையும் முதுகு மயிர்களையும் விவரித்து எழுதி, கிடைத்த எறும்புகள் எல்லாவற்றையும் வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு அனுப்பிவைத்தார்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. என் முன்னாலேயே பிரித்துப் படித்தார். இது புதிய இனமாகத்தான் தோன்றுகிறது, ஆனால் எறும்புகள் வழியில் நொறுங்கித் தூளாகிவிட்டன, வேறு அனுப்பினால்தான் பெயர் வைக்க முடியும் என்று எழுதியிருந்தது.

மறுபடி மலையேறித் தேடிவிட்டு இரண்டு மாதம் கழித்து அவர் வந்தபோது முகத்தில் களையே இல்லை.

"எறும்பு கெடைச்சுதுங்களா?" என்றேன்.

"சோலையவே வெட்டிக் கொளுத்திப்போட்டாங்க. இப்ப ஜவ்வரிசி மில்லுக்குன்னு குச்சிக்கிழங்கு நட்டிருக்குது. மலையெல்லாம் தேடிட்டனுங்க, வேற எங்கியும் இல்லீங்க."

ஏர்மெயில் காகிதம் வாங்கியவர் பேனாவைத் திறந்தார். பிறகு கேட்டார்: "அழிஞ்சுபோச்சுன்னு எழுதறதுங்களா, நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்னு எழுதறதுங்களா? தப்புன்னு எழுதிட்டா, எதுவுமே அழியலைன்னு ஆயிருமுங்களே?"

நான் பசைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரே ஏதோ எழுதி, ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் வரவேயில்லை.

அவர் எதை எழுதினார் என்று இன்றும் யோசிக்கிறேன். எதை எழுதியிருந்தாலும், அந்த எறும்புக்கு இனிப் பெயர் கிடையாது.