அக்கா பல்லைக் கொடுத்துப் பார்த்த கல்லூரிகள்

இன்று காலை பத்தே காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாரடைப்பில் அக்கா போய்விட்டாள்.

பல்செட் செய்யும் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் அவள். மகளுக்கு இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்ததும், எது நல்லது என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. தன் இரண்டு சொத்தைப் பற்களோடு நோயாளியாகவே இரண்டுக்கும் போய் வந்தாள்.

பளபளவென்றிருந்த முதல் கல்லூரியில் பேராசிரியரே பல்லை அடைத்தார். மாணவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பழைய கட்டடத்தில் இருந்த இரண்டாவதில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, ஒரு மாணவியே வேலை செய்தாள்.

"அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குச்சுடி. ஆனா வலிக்குதான்னு மூணு தடவை கேட்டா. நீ அங்கயே சேரு," என்றாள் மகளிடம்.

"ஏம்மா, உன் பல்லையா பரீட்சைக்கு வச்சே?"

"பின்ன, உங்க மாமா பல்லையா வைக்கிறது? அவன் ஊசியப் பாத்தாலே ஓடிருவான்."

அந்த மாமா நான்தான். உண்மைதான்.

மகள் நேற்று அந்தக் கல்லூரிக்கே சம்மதம் எழுதி அனுப்பினாள். அக்காவின் பல்லில் அந்த மாணவி வைத்தது தற்காலிக அடைப்பு. நிரந்தரமாக அடைக்க வரும் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தாள்.