உள் அறை சீலிங்கில் ஒட்டிய கடைசித் தாள்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவன் மூஞ்சியைப் பாரு, அதைவிடப் பெரிய பேய் கிடையாது" என்று கிண்டலடித்தவன் நான். கோயிலுக்குப் போவதுகூட புளியோதரைக்காகத்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கரண்ட் நினைத்த நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒரகடத்தில் வாடகைக்கு இருந்தேன். உள் அறை சீலிங்கில் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கும். பிரசவத்துக்குப் போன என் மனைவி சுமதி, குழந்தையோடு திரும்பி வந்த அன்றே, தூளியில் கிடந்த பிள்ளையின் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புச் சில்லு விழுந்தது. "இத்த சரி பண்ணுங்க, அப்பாலதான் நானும் புள்ளையும் வருவோம்" என்று அழுதுகொண்டே படப்பைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையைப் பார்க்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கடைசியில் உதிர்வதையெல்லாம் சுரண்டிவிட்டு வால்பேப்பர் ஒட்டிவிடலாம் என்று இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வருவதாக ஏற்பாடு.

சீலிங்கில் ஒட்ட ஒரு ஆள் போதாது. பசை தடவிய தாளின் ஒரு முனையை நான் மேஜைமேல் ஏறி நின்று சுவரோரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வர வேண்டும், மறுமுனையை என் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் ஒட்டடைக் குச்சியில் துணி சுற்றித் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு ஞாயிறு காலை பக்கத்து வீட்டு முருகேசன் வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் அப்படியே வந்திருந்தான்.

"கவலப்படாதியண்ணே, மதினி வாரதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றான். முதல் தாளை ஒட்டும்போது ஊர்க்கதை எல்லாம் பேசினான். அடுத்த தாளில் பேச்சே இல்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பசை தடவிய தாள்களை மேஜைமேலேயே மடித்து வைத்திருந்ததால் நான் இறங்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆனால் பிடி மட்டும் அருமை. "கொஞ்சம் ஏத்து" என்றால் ஏறும், "சைடுல வா" என்றால் வரும்.

"இன்னாடா, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டேன்.

கடைசித் தாளை ஒட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. முன்னறையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. வீடே அமைதியானது. அப்போதுதான் குறட்டைச் சத்தம் கேட்டது, முன்னறையிலிருந்து.

நம்பினால் நம்புங்கள், அது முருகேசனின் குறட்டை. தலைக்கு மேலே தூக்கிய கை அப்படியே நிற்கிறது, முதுகுக்குப் பின்னால் தாள் விறைப்பாக நிற்கிறது. "முருகேசா" என்றேன். பின்னாலிருந்து தாள் லேசாக ஒரு இழுப்பு இழுத்தது, 'உம், ஒட்டு' என்று சொல்வதுபோல.

எப்படி மேஜையிலிருந்து குதித்தேன், எப்படி முன்னறைக்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது. முருகேசன் பாயில் மல்லாந்து கிடந்தான். ஒட்டடைக் குச்சி அவன் கையில் இருந்தது.

உலுக்கி எழுப்பினேன். "மன்னிச்சுக்கிடுங்கண்ணே, மொதத் தாளு முடிஞ்சதும் தண்ணி குடிக்க வந்தேன், அப்படியே கண்ணசந்துட்டேன்" என்றான்.

அவனையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் பாதியில் விட்ட தாள் கீழே விழவே இல்லை. அந்தக் கோடி வரைக்கும் ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. தூளி மாட்டும் கொக்கி இருந்த இடத்தில் வட்டமாக வெட்டி, கொக்கியை வெளியே விட்டிருந்தது. கட்டர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அறையில் இருந்தது ஒரே ஒரு மேஜை, அதில் நின்றவன் நான். குச்சியும் இல்லாமல், தரையில் நின்றபடி அந்த சீலிங்கை எட்டும் ஆள் யார் என்று முருகேசனைக் கேட்டேன். அவன் செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் சுமதி வந்தாள். மேலே பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "கொக்கியாண்ட எவ்ளோ அழகா வெட்டிக்கிறீங்க!" என்று சொல்லிக்கொண்டே தூளியைக் கட்டினாள். எத்தனை நாள் கழித்து வந்திருக்கிறாள், அவளிடம் நான் என்னவென்று சொல்ல?

பிள்ளை எங்களைப் படுத்தவே இல்லை. மத்தியான நேரத்தில் வீறிட்டு அழும், நாங்கள் ஓடிப்போவதற்குள் அழுகை நின்றுவிடும். போய்ப் பார்த்தால், தூக்கச் சொல்லும் குழந்தையைப்போல இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு சிரிக்கும். ஆனால் எங்களைப் பார்த்து அல்ல, எங்கள் தலைக்கு மேலே பார்த்து. அந்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டேன். ஷிஃப்டுக்குப் போக வர தூரம் என்று சுமதியிடம் ஒரு பொய்.

மகள் இப்போது நாலாம் வகுப்பு. இந்த வீட்டு சீலிங்கில் வெறும் வெள்ளையடிப்புதான், கொக்கிகூடக் கிடையாது. ஆனாலும் லீவு நாளில் மத்தியானம் தூங்கும்போது சில சமயம் கண்ணைத் திறக்காமலேயே இரண்டு கையையும் மேலே நீட்டுகிறாள். நான் ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்கிறேன். போன வாரம் பிடித்தபோது, அவள் கை ஏற்கெனவே மேல்நோக்கி லேசாக இழுபட்டுக்கொண்டிருந்தது.