வாளியில் விழுந்த உப்பு

நூறு லிட்டர் டீசலுக்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர். தாட்சாயினியின் வேலை அந்தக் கணக்குதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தபோது வெளியே வந்தவள், டத்தோ கிராமாட்டில் சுப்பையாவின் பட்டறையில் சேர்ந்தாள். எண்ணெயில் தண்ணீர் கலப்பவள் என்று தங்கை கிண்டலடிப்பாள்.

கலப்படம் அல்ல. சோப்பு போன்ற ஒரு கரைசலைச் சேர்த்து வேகமாகச் சுற்றினால், தண்ணீர் பொடித் துளிகளாக எண்ணெய்க்குள் நிற்கும். தீயில் அந்தத் துளிகள் வெடித்து எண்ணெயைச் சிதறடிக்கும். புகை குறையும், டீசல் முழுதாக எரியும். துளிகள் பிரிந்து அடியில் தங்கினாலோ, பர்னருக்கு வெறும் தண்ணீர்தான் போகும்.

அன்று ஹபீப் முகம்மதுவின் லாண்டரியில், சின்ன பாய்லரில் சோதனை. இந்த எண்ணெயை எரித்துப் பார்க்க முன்வந்த ஒரே வாடிக்கையாளர் அவர். இதுவும் தோற்றால் பட்டறையை மூடிவிடுவதாகச் சுப்பையா சொல்லியிருந்தார். ஹோட்டல் விரிப்புகள் மலையாகக் கிடந்தன. ஹபீப் வால்வில் கை வைத்தார். தாட்சாயினி மாதிரிப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர்.

"அண்ணே, தொறக்காதீங்க."

சுப்பையாவின் முகம் செத்துவிட்டது. அதே டீசல், அதே கரைசல், அதே மிஷின். தண்ணீர்? காலையில் அளந்து வைத்த வாளியை விட்டுவிட்டு மிஷினை முடுக்கப் போனது அவளுக்கு நினைவு வந்தது. அப்போது அங்கே நின்றவர் சுப்பையாவின் மனைவி மீனாட்சி. லாண்டரிக்குக் கூடவே வந்திருந்த அவரைத் தனியே அழைத்து மெதுவாகக் கேட்டாள்.

"மிஷினுக்குத் திருஷ்டி கழிச்சேன். ரெண்டு கை உப்பு. சுத்துன உப்ப தண்ணியில கரைக்கணும்லா? வாளி பக்கத்துல இருந்துச்சி."

உப்பு சேர்ந்தால் கரைசலின் பிடி விட்டுப்போகும். கரைசல் மட்டமான சரக்கு என்று சொல்லிவிடலாம். விஷயம் காதில் விழுந்த சுப்பையாவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. ஆனால் அடுத்த மாதமும் இதே கரைசல் கலந்த எண்ணெயைத்தான் ஹபீபுக்கு விற்க வேண்டும். ஹபீப் காரணம் கேட்டதும், திருஷ்டி கழித்த உப்பு தண்ணீரில் விழுந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னாள்.

ஹபீப் வால்விலிருந்து கையை எடுத்தார். "எங்க வீட்லயும் மொளகா சுத்துவாங்க, தங்கச்சி. அத கொழம்புல போட மாட்டாங்க." சிரிக்கவில்லை. "சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் பாக்குறேன். அப்புறம் பழைய டீசல்தான்லா."

பட்டறைக்குத் திரும்பி மறுபடி கலக்கினார்கள். வாளிக்குப் பக்கத்தில் மீனாட்சியே காவல் நின்றார். லாரி லாண்டரிக்குள் நுழையும்போது பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது. இந்த முறை புட்டி அடிவரை பால்போல இருந்தது. ஹபீப் தொழுகைக்குக் கிளம்புமுன் வால்வைத் திறந்தார். தீ ஒருமுறை படபடத்து, பிறகு நின்று எரிந்தது.

திங்கட்கிழமை பெரிய பாய்லரில் இதே எண்ணெயை ஏற்றுகிறார்கள்.