பெயர் எழுதாத பொட்டலங்கள்

இருபத்தெட்டுப் பொட்டலங்களையும் பினாங்கு விமான நிலையச் சுங்க அதிகாரி மேசையில் கொட்டினார். ஒன்றைப் பிரித்தார். வெள்ளைப் பொடி.

அவை என் தோழி ரோஸ்மாலா மடித்தவை. இந்தோனேசியாவின் மேடான் நகரில் ஒரே மருந்துக்கடையில் இருவரும் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறோம். குழந்தைகளுக்கு மாத்திரையைப் பொடித்து, வேளைக்கு ஒன்றாகக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கச் சொல்லித்தான் எங்கள் ஊர் டாக்டர்கள் எழுதுவார்கள். அவள் மடித்தால் ஒரு துளி சிந்தாது. அவள் வாய்க்குத்தான் மடிப்பு கிடையாது. உறையில் நோயாளி பெயர் எழுதாமல் கொடுத்தால் போச்சு. "பேரில்லாத மருந்தும் எலி மருந்தும் ஒண்ணுதான்டி! எழுதிட்டுக் குடு!" என்று வந்தவர்கள் முன்னாலேயே கத்துவாள். நானும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் மகள் இந்தானுக்கு ஏழு வயது. வலிப்பு. காலையும் மாலையும் பொடி தவறக்கூடாது. மலேசியாவின் பினாங்கில் பெரிய டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கி, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு வாரப் பொடியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டாள். உறை இல்லை, பெயர் இல்லை, மருந்துச் சீட்டும் கடையிலேயே கிடந்தது. சொந்தப் பிள்ளைக்கு எதற்குச் சீட்டு என்று நினைத்திருப்பாள். எனக்கும் தோன்றவில்லையே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விமானம் தாமதம். டப்பாவோ விமானத்தின் அடியில் சாமான்களோடு போன பெட்டிக்குள். இறங்கும்போதே மாலைப் பொடிக்கு நேரம் கடந்திருந்தது.

"என்னக்கா இது?" என்றார் அதிகாரி.

"எம் பொண்ணு மருந்து தம்பி."

"பேரு எங்க?"

"இவங்க மருந்துக்கடையிலதான் சார் வேலை செய்றாங்க" என்று நான் புத்திசாலித்தனமாக வாயைத் திறந்தேன்.

"அப்ப தெரிஞ்சேதான் இப்படிக் கொண்டாந்திருக்கீங்க."

"ஒண்ணே ஒண்ணு குடுங்க தம்பி. நேரமாச்சு, புள்ளைக்கு இழுத்துரும்."

"என்ன பொடின்னே தெரியல. பேரில்லாததை ஒரு புள்ள வாயில போட நான் எப்படிக்கா விடுவேன்?"

ரோஸ்மாலா தினமும் கடையில் சொல்வதைத்தான் அவர் சொன்னார்.

அப்போதுதான் இந்தானின் கண்கள் மேலே செருகின. தரையில் விழுந்தாள், கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அதிகாரியே ஓடிப்போய் ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்.

"என்ன மருந்து குடுக்கறீங்க? எவ்வளவு?"

எந்த மருந்தின் அளவையும் தலைகீழாகச் சொல்பவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கோ இந்தானுக்கான அளவு தெரியாது. பயந்துபோய்க் கடைக்குப் போன் போட்டேன். சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார்கள். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு ஊசி போட்டார்.

இந்தான் கண் திறந்தபோது அவள் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை இருந்தது. பெயர், வயது, மருந்து, அளவு எல்லாம் எழுதி டாக்டரம்மா கட்டியிருந்தார்.

ரோஸ்மாலா அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் எழுதினேன்டி" என்றாள். "இவளுக்கு எழுத வேற ஒருத்தி வரவேண்டியிருந்துச்சு."